ஒரு பெல்

"ஓடும், அது தெரியுது. நிக்குமா?"

யார் எந்த நாயைக் கொண்டுவந்து காட்டினாலும் அக்கா கேட்பது இதைத்தான். நாயைப் பற்றி மட்டும் இல்லை. நான் தவணையில் பைக் எடுத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, நேராக அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். "எப்படிப் போவும் தெரியுமாக்கா?" என்றேன். அக்கா வண்டியின் நிறத்தைக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை ஸ்டாண்டு போடச் சொல்லி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டார். "இப்ப பிரேக்க மிதி" என்றார். மிதித்தேன். சக்கரம் நின்றது. "சரி, ஓட்டு" என்று எழுந்து போனார். அதுதான் வாழ்த்து.

தங்கச் சுரங்கம் மூடிப்போன கோரமண்டலில், தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே லைன். நடுவில் ஒரு தகரத் தடுப்பு. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பகுதியில் அவருக்கு வேலை. எனக்கும் பெங்களூரில் ஆபீஸ் வேலை. காலை ரயிலில் அவர் எனக்கு இடம் போட்டு வைப்பார், இல்லையென்றால் நான் அவருக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் லைனில் எல்லோரும் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள். அக்கா மட்டும் "டேய் தம்பி, அந்தப் பைய நவுத்து" என்பார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா வளர்த்தது கிரேஹவுண்டும் நாட்டு வேட்டை நாயும் கலந்த நாய்கள். வெளிநாட்டில் இந்தக் கலப்புக்கு லர்ச்சர் என்று பெயர் இருப்பதை போனில் படித்து அவரிடம் சொன்னேன். "லர்ச்சரோ லாரியோ, நமக்கு அது கிராஸ்" என்றார். பேத்தமங்கலா பக்கத்து விவசாயிகள் அவரைத் தேடி வருவார்கள். கடலை பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் கொல்லை உழுதது மாதிரி ஆகிவிடும். பன்றியைப் பிடிக்க நாய் வேண்டாம். அது வழக்காகிவிடும். பன்றியைக் கொல்லையை விட்டுத் துரத்திவிட்டு, வரப்போடு நின்று திரும்புகிற நாய் வேண்டும். நிற்காமல் பின்னாலேயே போகிற நாய், பன்றி திரும்பி ஒரு குத்து குத்தினால் குடல் சரிந்து கிடக்கும்.

முள்ளுக்குக் கிழியாத தோலும் கல்லுக்குத் தாங்கும் பாதமும் நாட்டுத் தாயிடமிருந்து வரும். வேகம் கிரேயிடமிருந்து வரும். ஆனால் இரண்டு தலைமுறைக்குள் அந்த வேகம் மங்கிவிடும். மறுபடி ஒரு கிரே அப்பனைத் தேடவேண்டும். அந்தத் தேடலில் அக்காவைப் பார்த்தால் எனக்குச் சில சமயம் பயமாக இருக்கும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவ்வளவு யோசிக்கவில்லை.

அவர் வீட்டுக்காரர் ஆம்பூரில் தனியாக இருந்தார். ஏன் பிரிந்தார்கள் என்று லைனில் ஆளுக்கு ஒரு கதை. ரயிலில் ஒருநாள் அக்காவே சொன்னார். "குடிப்பாரு. எங்க அப்பாவுந்தான் குடிச்சாரு. ஷிப்டு முடிஞ்சா ஒரு கிளாஸு, கவுத்து வெச்சிட்டு வருவாரு. இவருக்குக் கவுத்து வெக்கத் தெரியல. நிக்காததோட நான் எப்படிக் குடும்பம் பண்றது?" கோபமே இல்லாமல், காதறுந்த பையைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்.

அப்படிச் சொன்ன தைரியத்தில்தான் நானும் மனதில் கிடந்ததைக் கேட்டேன். வம்சம், ரத்தம் என்ற சொற்கள் எங்கள் வீட்டில் நல்ல சொற்கள் இல்லை. அந்தச் சொற்களால்தான் எங்கள் முன்னோர் ஊரை விட்டு இங்கே சுரங்கத்துக்கு ஓடிவந்தார்கள்.

"நாய்க்குப் பாக்கற மாதிரி மனுசனுக்கும் ரத்தம் பாத்துத்தானேக்கா நம்மள ஒதுக்கி வெச்சாங்க?"

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பினார். "நான் பேரையா பாக்கறேன்? அதோட அம்மா இன்னா பண்ணுச்சு, பாட்டி இன்னா பண்ணுச்சுன்னு பாக்கறேன். மனுசனுக்கு அதுவும் ஒதவாது. என் மாமனாரு ஒரு சொட்டு தொட்டதில்ல, தெரியுமா?" என்றார். எதிர் சீட்டில் தூங்குவதுபோல இருந்த பெரியவர் கண்ணை மூடியபடியே சிரித்தார்.

'நிக்குமா' என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை நான் அக்கா வாயால் கேட்கவில்லை. என் அம்மா சொன்னாள்.

அக்கா முதன்முதலில் ஆசைப்பட்டு எடுத்த கிராஸ், ஒரு வெள்ளை ரேஸ் நாயின் வாரிசு. ரேஸ் நாயின் வம்சத்தில் பல தலைமுறையாக ஒன்றே ஒன்றைத்தான் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருப்பார்கள்: முன்னால் ஓடும் பொம்மையைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது, எதையும் கேட்கக் கூடாது. குட்டிகள் அம்பு மாதிரி இருந்தன. லைனே வேடிக்கை பார்த்தது. ஒரு சாயங்காலம் பக்கத்து பாலகாட்டுக்குப் பின்னால் மூன்று குட்டிகள் ஒரு முயலைத் துரத்தின. அக்கா தொண்டை கிழியக் கத்தினார். ஒன்றின் காதுகூட அசையவில்லை. அங்கே கைவிடப்பட்ட ஒரு பழைய ஷாப்ட், நேர்க்குத்தாக இறங்கும் சுரங்கக் குழி. சுற்றுச் சுவரைச் செங்கல்லுக்காக யாரோ பிரித்திருந்தார்கள். முயல் ஓரமாக வளைந்து போய்விட்டது. நாய்கள் நேராகப் போயின.

இரண்டு விழுந்த சத்தமே வரவில்லை. மூன்றாவது எங்கோ ஒரு திட்டில் தங்கிவிட்டது. மறுநாள் வரைக்கும் அது குரைத்துக்கொண்டே இருந்தது. இறங்க வழியில்லை. கயிறு எட்டவில்லை. அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா அப்போது உயிரோடு இருந்தார். ஷாப்ட் வாயில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு பெல் அடித்த பேங்க்ஸ்மேன் அவர். மறுநாள் மகளை அழைத்துப்போக வந்தவர், குரைப்பைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கல்லை எடுத்து, மிச்சமிருந்த இரும்புத் தூணில் ஒரே ஒரு தட்டு தட்டினார். கீழேயிருந்து குரைப்பு வந்தது.

"எதுக்குப்பா தட்டுன?"

"நிக்கற கேஜுக்கு ஒரு பெல்லுன்னா மேல வான்னு அர்த்தம்மா" என்றாராம். மேலே தூக்க அங்கே எதுவும் இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் குரைப்பு அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அக்கா வீட்டு வாசலில் பாறை துளைக்கிற இரும்புக் கம்பி ஒன்று, ஒரு பழைய ட்ரில் ராடு, தொங்க ஆரம்பித்தது. பக்கத்தில் அதை அடிக்க ஒரு போல்ட். குட்டிகளுக்குப் பெயர் பழகுவதற்கு முன் பெல் பழகிவிடும். ஓடும்போது ஒரு பெல் என்றால் நில். நிற்கும்போது ஒரு பெல் என்றால் மேலே வா, அதாவது என்னிடம் வா. இரண்டு பெல் என்றால் இறங்கு, முன்னால் போ. சுரங்கத்தில் அப்பா அடித்த அதே கணக்கு. லைனில் இருந்த பழைய ஆட்கள் அந்தச் சத்தம் கேட்டால் பேச்சை ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்வார்கள். நிற்காத குட்டியை அக்கா விற்க மாட்டார், இனம் பெருக்கவும் விட மாட்டார். டாக்டரிடம் கொண்டுபோய் கர்ப்பத்தடை செய்து, காம்பவுண்டு உள்ள வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார். எவ்வளவு அழகான குட்டியாக இருந்தாலும் அதன் வம்சம் அங்கேயே முடிந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

நான் அவரோடு கிரே பார்க்கப் போனது அவருடைய பெட்டை நாய் ரோசிக்காக. ரோசிக்கு வயதாகிவிட்டது. இதுதான் கடைசி ஈற்று என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா இத்தனை வருஷம் சேர்த்துவந்தது எல்லாம் அந்த ஒரு வயிற்றில் இருந்தது. அப்பன் தப்பாக அமைந்தால் திருத்திக்கொள்ள இன்னொரு தரம் கிடையாது.

முதலில் தேவனஹள்ளி பக்கம் ஒரு பண்ணை வீடு. வெள்ளை நாய். சர்டிபிகேட்டில் அதன் பெயர் ஒரு வரி நீளம். அந்தத் தாளைப் படிக்கத்தான் அக்கா என்னை அழைத்துப் போயிருந்தார். அப்பன் பக்கமும் அம்மா பக்கமும் ஒரே தாத்தா பெயர் வருவதை நான் காட்டினேன். "வேகத்துக்காக அப்படிச் சேர்ப்பாங்க" என்றார் நாயின் சொந்தக்காரர். அக்கா தாளைத் தொடவில்லை. "இதோட அம்மா எங்க கீது?" என்றார். அம்மா இறந்துவிட்டது. "வயசான நாய் ஏதாச்சும் இந்த வம்சத்துல இருந்தா காட்டுங்க." ஒன்றும் இல்லை. எல்லாம் இளமையிலேயே கால்விரல் உடைந்தோ, நெஞ்சு அடைத்தோ போயிருந்தன. வெள்ளை நாய் எங்களைத் தாண்டி, மதிலுக்கு மேல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா கையைத் தட்டினார். அது திரும்பவில்லை.

இரண்டாவது ஓசூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. புலிவரி போட்ட கிரே. மூக்கு நரைத்த நாய். அயர்லாந்தில் ரேஸுக்கு இல்லாமல், வெட்டவெளியில் முயல் விரட்டவே வைத்திருந்த வம்சம் என்று தாளில் எழுதியிருந்தது. முயல் வளைந்தால் கூடவே வளைகிற ரத்தம். அதன் அம்மா உயிரோடு இருந்தது. பல் போய், கோழிகளுக்கு நடுவில் வெயிலில் படுத்திருந்தது. அக்கா அதன் பாதத்தை விரித்து, காதைத் தடவி, வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு புலிவரியை ஓடவிடச் சொன்னார். ஓட்டத்தின் நடுவில் கையைத் தட்டினார். அது நின்றது. நின்றது மட்டும் இல்லை, தலையைத் திருப்பி யார் தட்டியது என்று பார்த்தது.

"வேகம் கம்மிதானேக்கா?" என்றேன்.

"கம்மிதான்" என்றார்.  திரும்பும் வழியெல்லாம் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே வந்தார். தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. பங்காருபேட்டை தாண்டிய பிறகு, "முயலோட வளையற நாயி, வளையற எடத்துல நிக்குமாடா?" என்று கேட்டார்.

ரோசி ஈன்றதில் ஆண் குட்டிகள் சில தேறின. பெட்டை ஒன்றுதான் தங்கியது. சிட்டு. சாம்பல் நிறம், மார்பில் மட்டும் வெள்ளை. இனி இந்த வம்சம் என்றால் சிட்டுதான். சிட்டு பால் மறந்த கொஞ்ச நாளில் ரோசி இறந்துபோனாள்.

ஆண் குட்டிகளைக் கேட்டு வைத்திருந்தவர் நாராயணப்பா. பேத்தமங்கலா பக்கம் கடலையும் தக்காளியும் போடுகிறவர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், இரண்டிலும் அவசரம். அவருக்கு வெள்ளை நாயின் வாரிசு கிடைக்கவில்லை என்று குறை. "ஏனம்மா, கிழட்டு அப்பனப் புடிச்சிட்டு வந்திருக்கீங்க. ஹந்தி ஓடறப்ப இது உக்காந்து யோசிக்குமா?" பன்றியை ஹந்தி என்றுதான் சொல்வார். ஓட்டத்தைப் பார்க்காமல் குட்டியைத் தூக்க மாட்டேன் என்றார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றவில்லை. வழக்கமாக நாய் ஓட்டும் மைதானத்தில் கிரிக்கெட் பந்தயம். "இன்னிக்கி இல்லன்னா எனக்கு பேடா, வேணாம்" என்று நாராயணப்பா லக்கேஜ் ஆட்டோவில் ஏறிவிட்டார். பாலகாட்டுக்குப் பின்னால் இருக்கும் வெட்டவெளி ஒன்றுதான் மிச்சம். அக்கா அந்தப் பக்கம் போய் வருஷக்கணக்கு ஆகிறது. கொஞ்ச நேரம் ராடைப் பார்த்தபடி நின்றார். பிறகு அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

பழைய ஷாப்ட் எங்கள் முதுகுப் பக்கம், தூரத்தில், உண்ணிச்செடிப் புதருக்குள் இருந்தது. நாய்கள் எதிர்த் திசையில் ஓடும்படிதான் அக்கா எங்களை நிறுத்தினார். ஆண் குட்டிகள் கயிற்றில் இழுத்த சாக்குப் பொம்மையைத் துரத்தி ஓடின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல். ஒவ்வொன்றும் நின்றது. நாராயணப்பாவுக்குக் குஷி. "ஒந்து பெல்லு, பிரேக்கு. நானும் கத்துக்கிட்டேன்" என்று ஆட்டோவிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் காற்றில் அடித்துக் காட்டினார்.

கடைசியாக சிட்டு. அக்கா வாரை அவிழ்த்த அதே நொடியில், பொம்மைக்குப் பக்கத்துப் புல்லிலிருந்து நிஜ முயல் ஒன்று எழுந்தது.

சிட்டு தரையில் கால் வைத்ததாகவே தெரியவில்லை. முயல் நேராக ஓடி, சட்டென்று வளைந்து, எங்களைத் தாண்டிப் பின்பக்கம் பாய்ந்தது. வெள்ளை நாயின் வாரிசாக இருந்திருந்தால் அந்த வளைவில் தவறவிட்டு நேராகப் போயிருக்கும். சிட்டு தவறவிடவில்லை. எந்த ரத்தத்தை அக்கா தேடித்தேடிச் சேர்த்தாரோ அது முயலோடு வளைந்து, ஷாப்டைப் பார்த்து ஓடியது.

அக்கா கத்தவில்லை. புதருக்கு மேலே சாம்பல் முதுகு ஒருமுறை எழும்பித் தாழ்ந்தபோது ராடில் ஒரு பெல் அடித்தார்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எனக்குப் பக்கத்தில் இன்னொரு சத்தம். நாராயணப்பா ஸ்பேனரால் ஆட்டோவின் இரும்புப் பலகையை அடித்திருந்தார். அவரும் ஒன்றுதான் அடித்தார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. அவர் ஒன்று, இவர் ஒன்று. அங்கே கேட்டது இரண்டு. இரண்டு என்றால் இறங்கு.

புதர் அசைந்தது. பிறகு அசையவில்லை.

"இன்னொண்ணு அடிங்கக்கா" என்றேன்.

"அடிச்சா மூணாயிடும்டா. மூணு அதுக்கு நான் சொல்லியே குடுக்கல."

போல்டைப் பிடித்திருந்த கையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். நாராயணப்பா ஸ்பேனரைக் கீழே போடவும் பயந்து, சத்தம் வராமல் அதை மண்ணில் வைத்தார். காது அவ்வளவு கூர்மையாகிவிட்டது, அக்கா மூச்சு விடுவது கேட்டது. ஷாப்ட் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சத்தமே இல்லாமல் விழுந்தவற்றை நான் நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

உண்ணிச்செடிக்கு மேலே முதலில் ஒரு காது தெரிந்தது. பிறகு முகம். எங்களைப் பார்த்த முகம். சிட்டு ஷாப்டுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். இரண்டு பெல்லுக்கு அவள் இறங்கவில்லை. திரும்பி, யார் அடித்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா உடனே அடிக்கவில்லை. அவள் நிற்கிறாள் என்று நிச்சயமாகும்வரை காத்திருந்து ஒரு பெல் அடித்தார். சிட்டு முள்ளை வகுந்துகொண்டு வந்து அவர் முழங்காலில் மூக்கை வைத்தாள். பின்னங்கால் நகத்தில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. விளிம்புவரை போயிருக்கிறாள்.

நாராயணப்பா ஆட்டோ சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நானும் ஒண்ணுதானேம்மா அடிச்சேன்."

"ஒண்ணுதான். நா ஒண்ணு, நீங்க ஒண்ணு."

பிறகு நாராயணப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு அடிச்சும் போகலயே. சொன்ன பேச்சு கேக்காத நாயி" என்றார்.

அக்கா சிட்டுவின் காதை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா அடிச்ச பெல்லுக்கு கேஜு யோசிக்காதுங்க. இது யோசிச்சிருக்கு" என்றார். இத்தனை வருஷம் நிற்கிற நாயைத் தேடியவருக்கு வேறு ஏதோ கிடைத்துவிட்டது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாத குரல் அது.

பிறகு வாரைப் பூட்டி என் கையில் கொடுத்தார். "இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, ராடை எடுத்துக்கொண்டு, புதரை விலக்கி நடந்தார். சர்ச்சுக்குக் கட்டிய புடவையில் முள் மாட்டி மாட்டி விட்டது. உடைந்த சுவருக்கு அருகில், மிச்சமிருந்த இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். கொஞ்சம் குனிந்து உள்ளே பார்த்தார்.

அக்கா ராடைத் தூக்கிப் பிடித்து ஒரு பெல் அடித்தார். ஒன்றே ஒன்று. அடித்துவிட்டு, காதைக் கீழே சாய்த்து நின்றார்.

என் கையிலிருந்து வார் பிடுங்கிக்கொண்டு போனது. சிட்டு நின்றுகொண்டிருந்தாள் அல்லவா. அவளுக்கு அது மேலே வா. நான் கத்துவதற்குள் புதரைத் தாண்டி, சுவரைத் தாண்டி, விளிம்பில் நின்ற அக்காவின் புடவையை உரசிக்கொண்டு போய் நின்றாள்.

அக்கா திடுக்கிட்டுக் கீழே பார்த்தார். பிறகு அப்படியே செங்கல் குவியலில் உட்கார்ந்து, அவள் கழுத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்ன இல்லடி" என்றார்.